மலைக்கு வைத்த ஜெட்

கோகிலவாணியிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, ஸ்பேனர்தான் வரும் என்று மேட்டுப்பாளையத்தில் சொல்வார்கள்.

அவளுடைய பட்டறை கோத்தகிரி சாலை பிரிகிற இடத்தில் இருந்தது. தகரக் கூரை, எண்ணெய் ஊறிய சிமென்ட் தரை. எதிரே பாக்குத் தோப்பு, தோப்புக்குப் பின்னால் மலை. பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளை மட்டுமே அவள் கையில் எடுப்பாள். வயது முப்பத்து நான்கு. கோயம்புத்தூரில் பெரிய பட்டறை ஒன்றில் வேலை பார்த்து, பிறகு தனியாக இதைப் போட்டவள்.

தை மாதத்தில் ஒருநாள் காலை சவரிமுத்து தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அறுபதை நெருங்கும் மனிதர். மில்லில் ராத்திரி ஷிப்ட் வாட்ச்மேன். வண்டிக்கு அவர் வயதில் பாதிக்கும் மேல் இருக்கும். சிவப்பு டேங்க் வெளுத்து செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது.

"ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது அம்மிணி."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருசமா."

வாணி வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள்.

"விட்டுட்டுப் போங்ணா. அடுத்த வாரம் எடுத்துக்கலாம்."

"இல்லீங்க. எனக்குக் கத்துக் குடுக்கோணும். பாதி வழியில நின்னா நானே சரி பண்ணிக்கோணும்."

"எந்த வழியில?"

சவரிமுத்து தோப்புப் பக்கம் பார்த்தார்.

அவள் பிளக் ஸ்பேனரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

சவரிமுத்து பிறந்தது காரமடைப் பக்கம். இருபத்தைந்து வயதில் கோத்தகிரிக்கு மேலே ஒரு டீ ஃபாக்டரியில் வேலை கிடைத்து மலையேறினார். போன சில மாதங்களிலேயே, அங்கே பிறந்து வளர்ந்த ரெஜினாவைக் கட்டிக்கொண்டார். குழந்தை இல்லை. முப்பது வருஷம் போனது. ஃபாக்டரியை மூடினார்கள். கீழே மில்லில் வேலை இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்ல, இறங்கி வந்தார். ரெஜினாவும் கூட வந்தாள்.

ஒரு கோடையைத்தான் அவளால் தாங்க முடிந்தது. உடம்பெல்லாம் வேர்க்குரு. தரையில் தண்ணீரை ஊற்றிவிட்டு அதில் படுத்துக்கொள்வாள். பகலில் தூங்க வேண்டிய சவரிமுத்து எழுந்து உட்கார்ந்து, "இந்த ஊர்ல எல்லாரும் இருக்கறாங்க, உனக்கு மட்டும் என்ன?" என்று ஒருநாள் கேட்டார். முதல் மழை பெய்ததும், மேலே இருக்கிற வீட்டைப் பூட்டியே போட்டால் கரையான் பிடிக்கும், பார்த்துவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறினாள். போனவள் அங்கே பால்வாடியில் சமையல் வேலைக்குச் சேர்ந்துகொண்டாள்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வந்தது. பிறகு கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வந்தது.

சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானம் என்று ஒன்றாவது இருந்திருக்கும்.

பட்டறையில் அன்று சவரிமுத்து கிக்கரை உதைத்தார். வாணி டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உதைத்துக்கொண்டே இருந்தார். சட்டை நனைந்தது. கடைசியில் நிறுத்தினார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"கால் வலிக்குது."

"வண்டி என்ன சொல்லுச்சு?"

"அது எங்க சொல்லுச்சு? கம்முனு கெடக்குது."

"பிளக்கைக் கழட்டுங்க."

கழற்றினார். அவள் விரலால் அதன் முனையைத் தொடச் சொன்னாள்.

"நனைஞ்சிருக்குதா?"

"காஞ்சு கெடக்குது."

"அத்தனை நேரம் உதைச்சீங்களே, அதுக்குக் குடிக்க ஒரு சொட்டுகூடப் போய்ச் சேரலீங்ணா."

அன்று அவ்வளவுதான்.

மறுநாள் கார்பரேட்டரைக் கழற்றினார்கள். அடிக்கிண்ணத்தைத் திறந்ததும் புளித்த வாடை வந்தது. ரெண்டு வருஷத்துப் பெட்ரோல் வற்றி, பலாப்பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. ஜெட் என்கிற சின்னப் பித்தளைத் துண்டை அவள் திருகி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். நடுவில் ஊசி முனை அளவு ஓட்டை. அதன் வழியாகத்தான் எஞ்சினுக்குப் பெட்ரோல் போக வேண்டும். அது அடைபட்டிருந்தது.

மின்சார ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையைப் பிரித்து அதில் நுழைத்து எடுத்தார் சவரிமுத்து. வாயால் ஊதினார். மறுபடியும் இழையை விட்டார்.

"சுத்தமாயிருச்சான்னு எப்படித் தெரியும்?"

"கண்ணுல வெச்சுப் பாருங்க."

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜெட்டைத் தூக்கிப் பிடித்தார். வெகுநேரம் அப்படியே நின்றார்.

"என்ன தெரியுது?"

"மலை தெரியுது."

வாணி அடுத்த திருகைக் கழற்றப் போய்விட்டாள்.

எல்லாவற்றையும் பூட்டி உதைத்தபோது வண்டி இருமியது. ஆனால் பிடிக்கவில்லை. இப்போது அவராகவே பிளக்கைக் கழற்றினார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"இன்னைக்கு முங்கிப்போச்சு அம்மிணி."

"ஆமாங்ணா. நேத்து ஒண்ணுமே குடுக்கல. இன்னைக்கு மூச்சு விட எடமில்லாம ஊத்தியாச்சு."

"அப்ப எவ்வளவுதான் குடுக்கறது?"

அவள் மிதவையை எடுத்துக் காட்டினாள். பெட்ரோல் ஏறும்போது தானும் ஏறி வழியை அடைக்க வேண்டிய பொருள். அதன் ஊசி தேய்ந்திருந்தது. வேறு ஊசியைக் கொடுத்துவிட்டு, அவரையே பொருத்தச் சொன்னாள். அவர் அவசரப்பட்டார். ஊசி தரையில் விழுந்து உருண்டது. தவழ்ந்து தேடி எடுத்தார். மறுபடியும் அவசரப்பட்டார்.

"மில்லுக்கு நேரமாச்சுங்களா?"

"இல்லையே. சாயங்காலம்தான்."

"அப்புறம் எங்க போக இவ்வளவு அவசரம்?"

சவரிமுத்துவின் கை நின்றது. பிறகு மெதுவாக வேலை செய்தது.

வண்டி ஸ்டார்ட் ஆனது மாசி மாதம் ஒரு மத்தியானம். பட்டறை முழுக்க வெண்புகை. தகரக் கூரை அதிர்ந்தது. சவரிமுத்து ஆக்ஸிலரேட்டரைப் பிடித்தபடி நின்றார். புகையினால்தான் கண்ணில் தண்ணீர் என்று வாணி நினைத்துக்கொண்டாள். அல்லது அப்படி நினைப்பதாகக் காட்டிக்கொண்டாள்.

"ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்ணா."

போனவர் திரும்பித் தள்ளிக்கொண்டு வந்தார். ஆற்றுப் பாலம் வரைக்கும் ஓடியது, பிறகு இழுவை குறைந்து நின்றுவிட்டது என்றார். எஞ்சினில் கை வைக்க முடியவில்லை. பிளக் முனை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. ஆறிய பிறகு உதைத்தால் கிளம்பும், கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் அதே கதை.

எங்காவது காற்று புகுகிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார்கள். எங்கும் குமிழி வரவில்லை. தீப்பொறி கொடுக்கிற பாயிண்ட், காயில் எல்லாவற்றையும் பார்த்தார்கள். நாட்கள் போயின. ஒன்றிலும் குறை இல்லை.

அப்படி ஒருநாள் சவரிமுத்து ஸ்பேனரைக் கீழே போட்டார்.

"எல்லாம் சரியா இருக்குது. வண்டி மட்டும் சரியா இல்ல. இது என்ன நியாயம்? ஊர்ல இருக்கற எல்லா வண்டியும் இந்தப் பெட்ரோல்லதான ஓடுது. இதுக்கு மட்டும் என்ன?"

சொன்ன பிறகு, அந்தச் சொல்லை எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது அவருக்கு. குனிந்து ஸ்பேனரை எடுத்தார்.

வாணி ஜெட்டைக் கழற்றினாள். டப்பாவிலிருந்து அதே மாதிரி இன்னொரு ஜெட்டை எடுத்தாள். இரண்டையும் அவரிடம் கொடுத்தாள்.

"எது பெருசு?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் ஒரு கம்பி இழையைக் கொடுத்தாள். டப்பாவில் இருந்த ஜெட்டுக்குள் அது சுலபமாகப் போனது. வண்டியில் இருந்ததற்குள் போகவில்லை.

"வண்டி வாங்கினப்பவே இதுதான் இருந்துச்சா?"

சவரிமுத்து யோசித்தார். "இல்ல. கல்யாணம் முடிஞ்ச கையோட இங்கிருந்துதான் வாங்கிட்டுப் போனேன். மேல கொண்டுபோன மொத மாசம் ஒரே கரும்புகை. ஏத்தத்துல முக்கிட்டு நின்னுரும். அங்க ஒரு மெக்கானிக் என்னமோ மாத்திக் குடுத்தாரு. அப்புறம் முப்பது வருசம் ஒரு தொந்தரவும் இல்ல."

"இதைத்தான் மாத்தியிருக்காரு. மேல காத்து லேசு. அதுக்குத் தக்கபடி பெட்ரோலைக் கொறைச்சு வெச்சிருக்காரு. இங்க காத்து கனம். அந்தக் கொஞ்சம் பெட்ரோல் இதுக்குப் பத்தாது. சூடாகி நின்னுருது."

"அப்ப வண்டியில?"

"ஒரு கொறையும் இல்லீங்ணா. அது இன்னும் மேல் காத்துலதான் இருக்குது."

சவரிமுத்து சின்ன ஜெட்டை விரல்களுக்கு நடுவில் உருட்டினார்.

"ரெண்டு வருசமா ரிப்பேர்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

வாணி கார்பரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"வண்டி சரி. நீங்க மேல எப்படிச் சமாளிச்சீங்க? இந்த வெக்கையில வளந்த ஒடம்பு."

"மொத மழைக்கே காச்சல். பல்லு கிட்டிக்கும். ராத்திரி பூரா நடுக்கம்." அவர் சிரித்தார். "ரெஜினா செங்கல்லை அடுப்புல சுட வெச்சு, சாக்குல சுத்தி, காலுக்கடியில வெப்பா. என் சட்டைக்குள்ள கம்பளித் துணி வெச்சுத் தெச்சா. நான் எந்திரிக்கறதுக்கு முன்னாலேயே சுடுதண்ணி இருக்கும். மொளகுக் கஞ்சி இருக்கும். ஒரு வருசம் பூரா…"

"அப்புறம்?" என்றாள் வாணி.

"அப்புறம் பழகிருச்சு."

"தானாவா?"

தோப்பில் யாரோ பாக்கு மட்டையை இழுத்துப்போகும் சத்தம் கேட்டது. சவரிமுத்து ஜெட்டை மேசையில் வைத்தார். கையைக்கூடத் துடைக்காமல் வெளியே இறங்கி நடந்தார்.

ஒரு வாரம் அவர் வரவில்லை. வண்டி மூலையில் நின்றது. வாணி அதைத் தொடவில்லை.

வந்தபோது நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மேல போகோணும்."

"எந்த ஜெட்டைப் போடட்டும்?"

"கெளம்பறது இங்கிருந்து. போய்ச் சேர்றது அங்க."

"அப்ப ரெண்டும் வேணும். பெருசைப் போட்டுக் கெளம்புங்க. முக்கும்போது நிறுத்திச் சின்னதை மாத்திக்கங்க."

"எந்த எடத்துல மாத்தறது?"

"எனக்கெப்படித் தெரியும்? வண்டி சொல்லும்."

அதற்குப் பிறகு தினமும் ஒரே வேலைதான். பெட்ரோல் டேப்பை மூடுவது, கிண்ணத்தை இறக்குவது, ஜெட்டைக் கழற்றுவது, மாற்றுவது, பூட்டுவது. அது கைக்கு வந்ததும், கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொன்னாள்.

"கண்ணை எதுக்கு மூடோணும்?"

"மேல பனி எறங்குனா?"

"பனியில இது தெரியாது, வாஸ்தவம்தான்," என்றார் சவரிமுத்து. கண்ணை மூடினார். மூடியதும் அவருக்கு டீ ஃபாக்டரியின் மணம் வந்தது. வாடும் கொழுந்தின் மணம். ஈரச் சாக்கும் புகையும் கலந்த வீட்டு மணம். விரல்கள் ஜெட்டைத் தேடிக்கொண்டிருந்தன.

பங்குனிக் கடைசியில் ஒரு விடிகாலை அவர் புறப்பட்டார். வாணி வாசலில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டாள். அது முதல் வளைவு வரை கேட்டது, பிறகு மரங்களுக்குள் போனது.

மலையில் பாதித் தூரம் வண்டி நன்றாகவே ஏறியது. பிறகு சத்தம் கனத்தது. புகை கறுத்தது. ஒரு கல்பாலத்தருகே தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் முக்கி நின்றது. சவரிமுத்து பிளக்கைக் கழற்றினார். கரி பிடித்து நனைந்திருந்தது. சிரித்துக்கொண்டார். கீழே அதைக் காய்ந்தும் பார்த்திருக்கிறார், வெளுத்தும் பார்த்திருக்கிறார், இப்போது இப்படியும் பார்த்தாயிற்று.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. கை நீளத்துக்கு அப்பால் தெரியவில்லை. விரலில் வழிந்த பெட்ரோல் பனிக்கட்டிபோல் சுட்டது. அவர் அவசரப்படவில்லை. ஜெட்டை மாற்றி, பிளக்கைத் துடைத்துப் பூட்டி உதைத்தார். வண்டி பழைய குரலில் பேசியது. ரெண்டு வருஷமாகக் கேட்காத குரல். அந்தக் குளிர்ந்த காற்றை வாயைத் திறந்து குடித்துக்கொண்டே ஓட்டினார்.

தொழிலாளர் குடியிருப்பில், லைன் வீட்டு வாசலில் ரெஜினா நின்றிருந்தாள். சத்தத்தைக் கேட்டு முன்பே வந்து நின்றிருக்க வேண்டும். தலையில் நரை கூடியிருந்தது. ஸ்வெட்டர் முழங்கையில் கிழிந்திருந்தது.

"வண்டி ஓடுதா?" என்றாள்.

"ஓடுது."

"கை பூரா பெட்ரோலு. கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

சுடுதண்ணீர் இருந்தது.

ரெண்டு நாள் இருந்தார். ஒழுகிய கூரைத் தகரத்தைத் தட்டிச் சரிசெய்தார். பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் கிளம்பவில்லை என்று தெரிந்ததும், போய் பிளக்கைப் பார்த்துக் கிளப்பிக் கொடுத்தார். ரெஜினா வேலியோரம் நின்று அதைப் பார்த்தாள். அடுத்த வரிசையிலிருந்து இன்னொருவரும் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சவரிமுத்துவும் ரெஜினாவும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ராத்திரி அவள் இருமினால் இவர் விழித்துக்கொண்டார். இவர் புரண்டால் அவள் விழித்துக்கொண்டாள்.

கிளம்பும்போதுதான் கேட்டார்.

"கீழ வர்றியா ரெஜினா?"

அவள் அவர் பையில் டீத்தூள் பொட்டலத்தை வைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அங்க நான் எப்படிங்க இருப்பேன்?"

"ஃபேன் ஒண்ணு புதுசா வாங்கிப் போடறேன். சன்னலுக்குத் தட்டி கட்டறேன்."

"நல்லா இருங்க," என்றாள். அவர் கழுத்து மப்ளரைச் சரிசெய்துவிட்டாள். வண்டி வளைவு திரும்பும்வரை வாசலிலேயே நின்றாள். அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனார். பிறகு பனியில் கண்ணாடி மங்கிவிட்டது.

சவரிமுத்து நேராகப் பட்டறைக்கு வந்தார். வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு, ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தார். கீழே சித்திரை வெயில் தொடங்கியிருந்தது. மப்ளரைக் கழற்றவில்லை. வேர்வை வழிந்தது.

"வண்டி எப்படீங்ணா?"

"வண்டிக்கென்ன. பாலத்துகிட்ட நின்னுச்சு. மாத்திக்கிட்டேன். எறங்கும்போதும் மாத்திக்கிட்டேன்."

"நல்லது."

அவர் நடந்ததையெல்லாம் சொன்னார். சுடுதண்ணீரைச் சொன்னார், கூரையைச் சொன்னார், ஸ்கூட்டரைச் சொன்னார். வாணி ஒரு சிலிண்டரைப் பெட்ரோலில் கழுவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லிக் குடுத்ததையெல்லாம் செஞ்சேன் அம்மிணி. அவசரப்படல. கோவப்படல. கேக்க வேண்டியதையும் கேட்டேன். அவ வரல." மப்ளர் நுனியால் முகத்தைத் துடைத்தார். "நான் எங்க தப்பு பண்ணினேன்?"

வாணி சிலிண்டரைத் துணியில் கவிழ்த்து வைத்தாள்.

"என்ன கேட்டீங்க?"

"கீழ வர்றியான்னு."

"அது ஒண்ணுதான் கேட்டீங்களா?"

"வேற என்னத்தைக் கேக்கறது?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். இத்தனை மாதங்களில் அவர் முன்னால் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நான் மேலயே உங்கூட இருந்துக்கட்டுமான்னு கேட்டீங்களாண்ணா?"

சவரிமுத்து சட்டைப் பையிலிருந்து சின்ன ஜெட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

மில்லில் ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. ஊதி முடிந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.